பெடலுக்குள் எரியும் சிறு விளக்கு

கிதாரின் ஒலியை மாற்றக் காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டிகளே பெடல்கள். அவற்றில் அதிகம் பேசப்படாதது கம்ப்ரஸர். டிஸ்டார்ஷன் பெடலை மிதித்தால் பக்கத்து வீட்டுக்கும் தெரிந்துவிடும். டிலே, கோரஸ் போன்றவையும் வந்த கணமே தம்மைக் காட்டிக்கொள்ளும். ஒழுங்காக அமைத்த கம்ப்ரஸர் இயங்கும்போது எதுவும் நடப்பதாகவே தோன்றாது. அணைத்த பிறகுதான் விரலுக்கு ஏதோ ஒன்று குறைவதுபோல் இருக்கும். கம்ப்ரஸர்களிலும் ஆப்டிகல் வகையை நான் பல ஆண்டுகளாக விரும்பிப் பயன்படுத்தி வருகிறேன். சிலவற்றைத் திறந்து ஆராய்ந்திருக்கிறேன், சிலவற்றை நானே கட்டியிருக்கிறேன். உள்ளே இருக்கும் ஏற்பாடு மிக எளியது: ஒரு விளக்கு, அதற்கு எதிரே வெளிச்சம் பட்டால் மின்தடை குறைகிற ஒரு சிறு வில்லை. ஒலியின் அளவைக் கட்டுப்படுத்துவது இந்த இரண்டும்தான். அதன் இனிமைக்கு சுற்றை வரைந்த பொறியாளரைவிட அந்த வில்லையின் நிதானமே பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் அப்படி நம்புகிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கம்ப்ரஸர் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தந்தியை மீட்டியவுடன், அதன் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பிலிருந்து வரும் மின்னழுத்தம் சட்டென்று உச்சத்துக்குப் போகிறது. பிறகு வேகமாகச் சரிந்து, அதன்பின் நிதானமாகத் தேய்ந்து மறைகிறது. மென்மையாகத் தொட்டால் சில பத்து மில்லிவோல்ட். ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப் உள்ள கிதாரில் ஆறு தந்திகளையும் ஓங்கி அடித்தால் ஒரு வோல்ட்டையும் தாண்டலாம். இந்த உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் இடையிலான தூரத்தைக் குறைப்பதே கம்ப்ரஸரின் பணி. சத்தம் கூடும்போது அளவைக் குறைக்கிறது. சத்தம் தேயும்போது குறைப்பைத் தளர்த்துகிறது. ஒட்டுமொத்தமாகக் குறைந்துபோன அளவை, கடைசியில் உள்ள ஒரு பெருக்கி திரும்பத் தூக்கி நிறுத்துகிறது. விளைவாக, மீட்டலின் கூர்முனை சற்றுத் தணிகிறது, ஸ்வரத்தின் வால் நீள்கிறது.

அளவைக் குறைப்பதற்கு, சொன்னபடி கேட்கும் ஏதோ ஒரு உறுப்பு வேண்டும். ஒலித்துறை இதற்குப் பல விடைகளைக் கண்டிருக்கிறது. ஃபேர்சைல்ட் 670 போன்ற பழைய ஒலிப்பதிவுக் கருவிகளில் வால்வுகள் என்ற வெற்றிடக் குழாய்களே அந்த வேலையைச் செய்தன. 1967-இல் வந்த 1176 என்ற கருவியில் ஃபெட் என்ற வகை டிரான்சிஸ்டர் செய்தது. 1970-களில் புகழ்பெற்ற எம்.எக்ஸ்.ஆர். டைனா காம்ப் என்ற சிவப்புப் பெடலில் சி.ஏ. 3080 என்ற சிறு ஐ.சி. செய்தது. ஆப்டிகல் வகையில் இந்த வேலை எல்.டி.ஆர். என்று எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டு வாங்கும் ஒளி உணரும் மின்தடையிடம் போகிறது. வட்ட முகத்தில் வளைந்து வளைந்து ஓடும் கோடு தெரியுமே, அதே பொருள். சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அந்தி சாய்ந்ததும் தெருவிளக்கைத் தானாக எரியவிடும் பெட்டிகளிலும் பள்ளி மாணவர்களின் அறிவியல் கண்காட்சிப் படைப்புகளிலும் இதைப் பார்த்திருப்பீர்கள்.

பெடலில் இதை எப்படி இணைக்கிறார்கள்? எளிமையான அமைப்பைக் கணக்கோடு பார்க்கலாம். கிதாரின் சிக்னல் 68 கிலோ ஓம் மின்தடை ஒன்றின் வழியே வருகிறது. அந்த இடத்திலிருந்து சுற்றின் தரை இணைப்புக்கு எல்.டி.ஆர். இணைக்கப்பட்டிருக்கிறது. இருட்டில் எல்.டி.ஆரின் மின்தடை ஒரு மெகா ஓமுக்கு அருகிலோ அதற்கு மேலோ இருக்கும். ஆகவே சிக்னல் ஏறக்குறைய முழுமையாகக் கடந்து போகிறது. எதிரே உள்ள விளக்கு சற்று எரிந்து, எல்.டி.ஆரும் 68 கிலோ ஓமுக்கு இறங்கினால் மின்னழுத்தம் சரிபாதியாகிறது. அது 6 டெசிபெல் குறைப்பு. விளக்கு இன்னும் பிரகாசமாகி எல்.டி.ஆர். ஏழரை கிலோ ஓமுக்கு வந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். 20 டெசிபெல் குறைப்பு. வேறு சில பெடல்களில் எல்.டி.ஆரை ஆப்-ஆம்ப் என்ற பெருக்கி ஐ.சி.யின் பின்னூட்டப் பாதையில் வைத்து, பெருக்கத்தையே குறைக்கிறார்கள். இரண்டிலும் சாரம் ஒன்றே: வெளிச்சம் கூடினால் ஒலி குறையும்.

அந்த விளக்கை எரியவிடுவதும் கிதாரின் சிக்னல்தான். சிக்னலின் ஒரு கிளையைப் பிரித்து, நன்றாகப் பெருக்கி, எல்.இ.டி.க்குக் கொடுக்கிறார்கள். பெடலில் ‘காம்ப்’ என்று எழுதியிருக்கும் குமிழ் பெரும்பாலும் இந்தக் கிளையின் பலத்தைத்தான் கூட்டிக் குறைக்கிறது. சிவப்பு எல்.இ.டி. ஒன்று ஏறத்தாழ 1.6 முதல் 1.8 வோல்ட் வரை மௌனமாக இருக்கும். அதைத் தாண்டினால் ஒளிரத் தொடங்கும். ஒலிப்பதிவுக் கூடக் கருவிகளில் த்ரெஷோல்டு (குறைப்பு தொடங்கும் எல்லை) என்று தனிக் குமிழாக இருப்பது இங்கே எல்.இ.டி.யின் இயல்பிலேயே அடங்கிவிடுகிறது. எல்.இ.டி. திடீரென்று முழு வெளிச்சத்துக்குத் தாவுவதில்லை. எல்.டி.ஆரும் வெளிச்சத்துக்கு நேர் விகிதத்தில் இறங்குவதில்லை. இந்த இரண்டு வளைவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், குறைப்பு எங்கே தொடங்கியது என்று காதால் சுட்டிக்காட்ட முடியாத அளவுக்கு மெதுவாக நுழைகிறது.

பல பெடல்களில் இந்தக் கிளை, குறைப்பு நடந்து முடிந்த இடத்திற்குப் பிறகுதான் எடுக்கப்படுகிறது. கம்ப்ரஸர் தான் குறைத்த ஒலியைத் தானே கேட்டு, ‘இது போதும்’ என்ற இடத்தில் நிலைகொள்கிறது. எல்.டி.ஆர். போன்ற, துண்டுக்குத் துண்டு வேறுபடும் பொருளை நம்பி ஒரு கருவியை வடிவமைக்க இந்த ஏற்பாடு பெரிதும் உதவுகிறது. வில்லை கொஞ்சம் மந்தமாக இருந்தால் விளக்கு கொஞ்சம் கூடுதலாக எரிந்து ஈடுகட்டிவிடும்.

இதுவரை சொன்னது வேறு எந்தக் கம்ப்ரஸருக்கும் சிறு மாற்றங்களோடு பொருந்தும். ஆப்டிகல் வகையைத் தனித்து நிறுத்துவது காலம். எவ்வளவு வேகத்தில் அளவைக் குறைக்கிறது, எவ்வளவு நேரத்தில் விடுவிக்கிறது என்ற கேள்விகள் அவை. ஒலித்துறையில் முதலாவதை அட்டாக் என்றும் இரண்டாவதை ரிலீஸ் என்றும் சொல்வார்கள். டைனா காம்ப் போன்ற பெடலில் ஒரு கெபாசிட்டரும் ஒரு மின்தடையும் இவற்றைத் தீர்மானிக்கின்றன. ஆப்டிகல் பெடலில் இவற்றின் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது எல்.டி.ஆரின் வில்லையில் உள்ள காட்மியம் சல்பைடு என்ற படிகம்.

ஒளி பட்டால் மின்தடை குறையும் என்பதை உலகம் முதலில் அறிந்தது 1873-இல், இங்கிலாந்தின் வில்லோபி ஸ்மித் மூலமாக. கடலுக்கடியில் போடப்பட்ட தந்திக் கம்பிகளைச் சோதிப்பதற்கு மிக அதிக மின்தடை தேவைப்பட்டதால் அவர் செலினியம் தண்டுகளைப் பயன்படுத்தினார். அவற்றின் அளவீடு நிலையாக நிற்கவில்லை. பெட்டியின் மூடி திறந்திருந்தால் ஒன்று, மூடியிருந்தால் வேறொன்று. அந்த நிலையின்மையிலிருந்துதான் ஒளிமின்கடத்தல் என்ற இயல்பு தெரியவந்தது. காட்மியம் சல்பைடு அதற்குப் பிந்திய வரவு. அதில் கட்டுண்ட எலக்ட்ரான் விடுபட, சுமார் 2.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இடைவெளியைத் தாண்ட வேண்டும். பச்சை வெளிச்சத்தின் ஒரு துகளுக்கு அந்த இடைவெளியைத் தாண்ட வைக்கும் ஆற்றல் இருக்கிறது. அதனால்தான் கடைகளில் கிடைக்கும் எல்.டி.ஆர்.கள் 540 நானோமீட்டர் அளவில், பச்சைக்கு மிகுந்த உணர்வு காட்டுகின்றன. மனிதக் கண்ணின் உச்ச உணர்வும் பகலில் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது.

வெளிச்சம் பட்டதும் படிகத்தில் ஓர் எலக்ட்ரான் விடுபடுகிறது. அது இருந்த இடத்தில் ஒரு துளை உண்டாகிறது. இரண்டும் உடனே திரும்பச் சேர்ந்துவிட்டால் மின்னோட்டம் பெரிதாக ஓடாது. காட்மியம் சல்பைடில் திட்டமிட்டுக் கலக்கப்படும் மாசுக்கள் துளைகளைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சேர்வதற்குத் துணையில்லாத எலக்ட்ரான் நெடுநேரம் சுதந்திரமாகத் திரிகிறது. ஒன்று ஒரு முனையில் வெளியேறினால், மறுமுனையிலிருந்து இன்னொன்று உள்ளே வந்து அந்த இடத்தை நிரப்புகிறது. இப்படி ஒரே ஓர் ஒளித்துகள் பல எலக்ட்ரான்களின் ஓட்டத்துக்குக் காரணமாகிவிடுகிறது. எல்.டி.ஆருக்கு இவ்வளவு நுண்ணிய உணர்வு இருப்பதன் காரணம் இதுதான். அதன் மந்தத்துக்கும் இதே காரணம்தான். எலக்ட்ரான் நெடுநேரம் உலவுவதால் உணர்வு கூடுகிறது. நெடுநேரம் உலவுவதால் வெளிச்சம் போன பிறகும் கடத்தல் நிற்க மறுக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்க வழியில்லை. இந்தப் பொருளைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை மிகவும் கவர்ந்த உண்மை இது.

கதை அங்கே முடியவில்லை. படிகத்தில் எலக்ட்ரான்களைப் பிடித்து வைக்கும் பொறிகளும் உண்டு. சில ஆழமற்றவை, சில ஆழமானவை. வெளிச்சம் நின்றதும், விடுபட்டு நின்ற எலக்ட்ரான்கள் முதலில் விரைவாகக் குறைகின்றன. பிறகு ஆழமற்ற பொறிகளில் இருந்தவை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிகின்றன. ஆழமான பொறிகளில் விழுந்தவை இன்னும் தாமதமாக வருகின்றன. ஆகவே மின்தடை ஒரே சீராகப் பழைய நிலைக்கு ஏறுவதில்லை. முதல் பாதியை விரைவாக ஏறிவிட்டு, மீதியை ஆற அமர ஏறுகிறது. விளக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு பிரகாசமாக எரிந்ததோ அதற்கேற்ப அந்த மீதிப் பயணமும் நீள்கிறது. நல்ல வெயிலிலிருந்து திரையரங்கின் இருட்டுக்குள் நுழைந்தவரின் கண்ணைப் போல, எல்.டி.ஆரும் தான் சற்றுமுன் எங்கே இருந்தது என்பதை நினைவில் வைத்திருக்கிறது.

இதை இசைக்குத் திருப்பிப் பாருங்கள். ஒற்றை ஸ்வரத்தை ஓங்கி மீட்டினால் குறைப்பு சட்டென்று வந்து சட்டென்று பாதி விலகிவிடும். அடுத்த ஸ்வரத்துக்கு இடம் கிடைக்கும். பல தந்திகள் சேர்ந்தொலிக்கும் நிறைந்த கார்டுகளைத் தொடர்ச்சியாக வாசித்தால் பொறிகள் நிரம்பி, ரிலீஸ் நீண்டு, ஒலி ஒரே மட்டத்தில் நிற்கும். ஒவ்வோர் அடிக்கும் ஏறி இறங்கித் தள்ளாடாது. வாசிப்பவர் எந்தக் குமிழையும் தொடவில்லை. வாசிப்பே ரிலீஸை மாற்றிக்கொண்டிருக்கிறது. மைக்ரோபிராசசர் கொண்டு இதைப் போலச் செய்ய இன்று முடியும், செய்கிறார்கள். இந்தப் படிகம் அதை யாரும் கேட்காமலேயே செய்துவந்திருக்கிறது.

அட்டாக்கிலும் ஓர் அழகு உண்டு. எல்.டி.ஆர். விழித்துக்கொள்ளச் சில மில்லிசெகண்டுகள் ஆகும். இருட்டிலேயே நெடுநேரம் இருந்தது என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகும். அதற்குள் பிக் (மீட்டும் சிறு தகடு) தந்தியைத் தொட்ட அந்த முதல் ஒலி பெரிதும் தீண்டப்படாமல் வெளியே போய்விடுகிறது. கிதாரின் முகமே அந்த முதல் சில மில்லிசெகண்டுகளில்தான் இருக்கிறது. அதை நசுக்கிவிட்டால் எந்த வாத்தியம் ஒலிக்கிறது என்பதே மங்கிப்போகும்.

இந்த நிதானத்துக்கு இன்னொரு பலனும் இருக்கிறது; இதைப் பற்றி அதிகம் எழுதப்படுவதில்லை. கிதாரின் கனமான ஆறாவது தந்தி விநாடிக்கு 82 முறை அதிர்கிறது. ஓர் அதிர்வுக்கு 12 மில்லிசெகண்ட். கம்ப்ரஸர் அதைவிட மிக வேகமாக இயங்கினால் ஒவ்வோர் அலையின் ஏற்ற இறக்கத்தையும் துரத்தத் தொடங்கி, அலையின் வடிவத்தையே கெடுத்துவிடும். அது காதுக்குக் கரகரப்பாகக் கேட்கும். பேஸ் கிதாரில் கீழ்த்தந்தி 41 ஹெர்ட்ஸ் என்பதால் சிக்கல் இரட்டிப்பு. எல்.டி.ஆர். ஒவ்வோர் அலையையும் பின்தொடரும் அளவுக்கு வேகமானதல்ல என்பதால் கரகரப்பும் குறைவு. பேஸ் வாசிப்பவர்கள் ஆப்டிகல் வகையை விரும்பி வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த எண்ணங்கள் எல்லாம் ஒரு கருவியில் முதலில் ஒன்றுசேர்ந்தன. அதைச் சொல்லாமல் ஆப்டிகல் கம்ப்ரஸரைப் பற்றி எழுத முடியாது. கலிஃபோர்னியாவின் பாஸடீனாவில் டெலிட்ரானிக்ஸ் என்ற சிறு நிறுவனத்தை நடத்திய ஜிம் லாரன்ஸ் 1960-களின் முற்பகுதியில் உருவாக்கிய எல்.ஏ.-2ஏ என்ற சமன்படுத்தும் பெருக்கி அது. அவர் அதற்கு முன்பு டைட்டன் ஏவுகணைத் திட்டத்துக்காக ஒளி உணரிகளில் பணியாற்றியவர். வானொலி நிலையங்களில் அறிவிப்பாளர் குரல் உயர்ந்தால் ஒருவர் குமிழைக் குறைக்க வேண்டும், தாழ்ந்தால் கூட்ட வேண்டும். அந்த ஓயாத வேலையைத் தானாகச் செய்யும் பெட்டி ஒன்றை அமைப்பதே நோக்கம்.

எல்.ஏ.-2ஏ-யின் இதயம் டி4 என்ற சிறு உலோகக் குப்பி. வால்வைப் போலவே சாக்கெட்டில் செருகிக்கொள்ளலாம். அதற்குள் எல்.இ.டி. கிடையாது, அன்று எல்.இ.டி. இந்தப் பயன்பாட்டுக்கு வந்திருக்கவில்லை. பதிலாக எலக்ட்ரோலூமினசென்ட் பலகை ஒன்று இருந்தது. ஜார்ஜ் டெஸ்ட்ரியோ 1936-இல் துத்தநாக சல்பைடில் கண்டறிந்த ஒளிர்வை அடிப்படையாகக் கொண்ட பலகை அது. மாறுமின்னழுத்தம் கொடுத்தால் மெல்லிய வெளிச்சம் தரும். ஒலி என்பதே மாறுமின்னழுத்தம்தானே! ஒலியை ஒரு வால்வால் பெருக்கி நேரே அந்தப் பலகைக்குக் கொடுத்துவிட்டார் லாரன்ஸ். அலையை நேர்மின்னோட்டமாக மாற்றும் பகுதியே அவருக்குத் தேவைப்படவில்லை. பலகை ஒலியோடு சேர்ந்து படபடவென்று மின்னுகிறது, எல்.டி.ஆர். அந்தப் படபடப்பைத் தன் நிதானத்தால் வழித்துச் சமன்செய்துவிடுகிறது. ஒரு பொருளின் குணத்தை முழுமையாகப் புரிந்துகொண்ட ஒருவரால்தான் இவ்வளவு குறைவான உறுப்புகளோடு இதைக் கட்ட முடியும். குப்பிக்குள் எல்.டி.ஆர். இரண்டு: ஒன்று ஒலிக்கு, மற்றொன்று முன்பக்கத்தில் ஊசியாடும் மீட்டருக்கு.

முகப்பில் முக்கியமான குமிழ்களும் இரண்டே. ஒன்று எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதற்கு, மற்றொன்று எவ்வளவு தூக்க வேண்டும் என்பதற்கு. அட்டாக் சராசரியாக 10 மில்லிசெகண்ட். ரிலீஸில் முதல் பாதி 60 மில்லிசெகண்டில் முடிந்துவிடும், மீதிக்குச் சில விநாடிகள் ஆகும். மேலே சொன்ன பொறிகளின் கணக்கு இங்கே எண்ணாகவே தெரிகிறது. 1967-இல் ஒலிப்பதிவுப் பொறியாளர் பில் புட்னம் அந்த வணிகத்தை வாங்கினார். ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடகர் குரலுக்கும் பேஸ் கிதாருக்கும் எல்.ஏ.-2ஏ இன்றுவரை முதல் தேர்வுகளில் ஒன்றாக நிற்கிறது.

கிதார் உலகத்துக்கு விளக்கும் எல்.டி.ஆரும் புதியவை அல்ல. 1960-களின் ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர்களில் ஒலி அளவு சீராக ஏறி இறங்கும் டிரெமெலோ அதிர்வை உண்டாக்கியது ஒரு சிறு நியான் விளக்கும் எல்.டி.ஆரும் சேர்ந்த ஜோடி. 1969-இல் வுட்ஸ்டாக்கில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பயன்படுத்திய யூனிவைப் என்ற ஜப்பானியக் கருவியில், நடுவில் துடிக்கும் ஒரு பல்பைச் சுற்றி நான்கு எல்.டி.ஆர்.கள். அந்தச் சுழலும் ஒலி நொண்டுவதுபோல் ஏறி மெதுவாக இறங்குவதில் அந்தப் பல்புக்கும் வில்லைகளுக்கும் பெரும் பங்கு உண்டு. டான் புக்லாவின் சிந்தசைசர்களிலும் இதே ஜோடி உண்டு. தட்டிய மரக்கட்டைபோல் ஒலி தேய்ந்து அடங்குவதற்குக் காரணம் அதுவே.

பிறகு எல்.இ.டி.யையும் எல்.டி.ஆரையும் ஒரே கறுப்பு உறைக்குள் அடைத்து வாக்ட்ரால் என்ற பெயரில் வாக்டெக் நிறுவனம் விற்றது. ஒன்பது வோல்ட் பேட்டரியில் இயங்கும் பெடலுக்குள் ஆப்டிகல் கம்ப்ரஸரைக் கொண்டுவர அது வழி திறந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து வந்த டயமண்ட் கம்ப்ரஸர், கலிஃபோர்னியாவின் டெமீட்டர் காம்புலேட்டர், ஃபின்லாந்தின் மேட் புரொஃபசர் ஃபாரஸ்ட் கிரீன் ஆகியவை இந்த மரபில் பலரும் அறிந்த பெயர்கள். டயமண்டில் உள்ள ஒரு சிறு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது: ஒரே குமிழை ஒருபக்கம் திருப்பினால் கீழொலி கூடி மேலொலி குறையும், மறுபக்கம் திருப்பினால் நேர்மாறு. கம்ப்ரஸ் செய்யும்போது மீட்டலின் கூர்மை போவதால் ஒலி மங்கியதுபோல் தோன்றும். அதைச் சரிசெய்யும் வழியையும் அதே பெட்டியில் வைத்தவர் கிதாரைக் காதால் அறிந்தவர்.

டைனா காம்ப் வகையோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். அதில் உள்ள 3080 ஐ.சி.யின் நுழைவாயில் சில பத்து மில்லிவோல்ட்டைத் தாண்டினால் ஒலியைச் சிதைக்கத் தொடங்கிவிடும். எனவே சிக்னலை முதலில் நன்றாகச் சிறிதாக்கி, பிறகு திரும்பப் பெரிதாக்க வேண்டியிருக்கிறது. கூடவே இரைச்சலும் பெரிதாகிறது. எல்.டி.ஆர். வெறும் மின்தடைதான். தன்னைக் கடந்து போகும் சிக்னலில் அது கலப்பது மிகக் குறைவு. கட்டுப்படுத்தும் பகுதிக்கும் ஒலிப் பாதைக்கும் இடையே கம்பித் தொடர்பே இல்லை. வெளிச்சம் மட்டுமே கடந்து செல்கிறது. ஆனாலும் டைனா காம்ப் தாழ்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். நாஷ்வில் கிதார் கலைஞர்களின் தந்தியைக் கிள்ளி எடுக்கும் வாசிப்பில் அந்த இறுக்கமான பிடியே அழகு. அந்த இடத்தில் ஆப்டிகல் பெடலை வைத்தால் சாதுவாகிவிடும்.

நானே கட்டியவற்றில் வாக்ட்ராலும் உண்டு, தனி எல்.இ.டி.யையும் எல்.டி.ஆரையும் முகத்துக்கு முகம் வைத்து, கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் குழாயில் அடைத்துச் செய்த ஜோடியும் உண்டு. இரண்டாவது வழியில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஒரே பையிலிருந்து எடுத்த எல்.டி.ஆர்.கள் ஒரே வெளிச்சத்தில் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு வரை வேறுபடும். விற்பனைக் குறிப்பிலேயே 10 லக்ஸ் வெளிச்சத்தில் 10 முதல் 20 கிலோ ஓம் என்று விரிவான எல்லை கொடுத்திருப்பார்கள். மீட்டரை வைத்து ஒவ்வொன்றாக அளந்து, வெளிச்சத்தை மறைத்ததும் எது எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது பொறுமை கேட்கும் வேலை. அந்த வேலையே பெடலின் ரிலீஸைத் தேர்ந்தெடுப்பது ஆகிறது. குழாய் வெளிச்சம் புகாதபடி இருக்க வேண்டும். முனைகளிலும் கறுப்பு மெழுகோ டேப்போ வேண்டும். மூடியைக் கழற்றிவிட்டு ட்யூப்லைட்டின் கீழே வைத்து வாசித்தால், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தால் விநாடிக்கு 100 முறை துடிக்கும் அந்த வெளிச்சம் கசிந்து நுழைந்து ஒலியில் நடுக்கமாகக் கலப்பதைக் கேட்கலாம். பெடல் அறையின் விளக்கையும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது அப்போது தெரியும்.

எங்கே வைப்பது, எப்படி அமைப்பது என்று பலரும் என்னைக் கேட்கிறார்கள். கிதாரிலிருந்து முதல் பெடலாக, ஒலியைச் சற்றுக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடலுக்கு முன்னால் வைப்பதே என் வழக்கம். பின்னால் வைத்தால் ஓவர்டிரைவ் ஏற்கெனவே தட்டையாக்கிய ஒலியை மறுபடி தட்டையாக்குவதோடு, அதன் இரைச்சலையும் தூக்கிவிடும். காம்ப் குமிழை மெதுவாக ஏற்றுங்கள். ஸ்வரத்தின் வால் எழுவது காதில் பட்டதும் கொஞ்சம் பின்வாங்குங்கள். பிறகு பெடலைப் போட்டாலும் எடுத்தாலும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி வால்யூமைச் சரிசெய்யுங்கள். இந்தக் கடைசிப் படியைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். சத்தமாகக் கேட்பதெல்லாம் நன்றாகக் கேட்பதாக நம் காது நம்பிவிடும் என்பதால், அளவைச் சமப்படுத்தாமல் எந்தக் கம்ப்ரஸரையும் மதிப்பிட முடியாது. ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள கிதார் என்றால் மின்சார ‘ஹம்’ ஒலியும் வாசிப்பு நிற்கும் இடங்களில் மேலெழும். அதைக் குறைக்கக் காம்ப் குமிழைக் குறைப்பதைத் தவிரக் குறுக்கு வழி எதுவும் இல்லை.

கர்நாடக இசையை மின்கிதாரில் வாசிப்பவர்களுக்கு இதில் தனியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. ஒரே மீட்டில் ஐந்தாறு ஸ்வரங்களை இழுத்தும் தள்ளியும் சறுக்கியும் காட்ட வேண்டிய இசை அது. கமகம் முழுமையாக விரியும் முன்பே தந்தியின் ஒலி தேய்ந்துவிடுகிறது. மறுபடி மீட்டினால் கோவை அறுந்துபோகும். டிஸ்டார்ஷன் போட்டு நீட்டிப்பது ஒரு வழிதான். அதில் நுணுக்கமான அனுஸ்வரங்கள் கரைந்துவிடும். ஆப்டிகல் கம்ப்ரஸரின் நிதானமான ரிலீஸ், மீட்டு விழுந்த இடத்திலிருந்து மெல்லத் தளர்ந்து, தேயும் ஒலியை ஏந்திக்கொண்டே போகிறது. நாட்டைக்குறிஞ்சி போன்ற ராகத்தில் ஒரு நீண்ட பிடியை வாசித்துப் பார்த்தால், பிடியின் கடைசி அசைவும் முதல் அசைவுக்கு நெருங்கிய கனத்தோடு கேட்பதை உணரலாம். இதற்கு 6 முதல் 8 டெசிபெல் குறைப்பு எனக்குப் போதுமானதாக இருக்கிறது. அதற்கு மேல் போனால் மீட்டின் உயிர் மங்குகிறது.

காட்மியம் நச்சு உலோகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். மின்னணுப் பொருட்களில் அதன் அளவை 0.01 சதவீதத்துக்குள் அடக்கும் ஐரோப்பிய ஒன்றிய விதி 2006-இல் நடைமுறைக்கு வந்தது. தொழில்முறை ஒலிக்கருவிகளின் ஆப்டோகப்ளர்களுக்கு (வாக்ட்ரால் போன்ற, விளக்கும் ஒளி உணரியும் சேர்ந்த உறுப்புகளுக்கு) தரப்பட்ட விலக்கும் 2013-இன் இறுதியில் முடிந்தது. வாக்ட்ரால்கள் கிடைப்பது அரிதாயிற்று, விலையும் ஏறியது. சீனாவில் தயாராகும் எல்.டி.ஆர்.கள் இன்னும் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றை வைத்து வாக்ட்ரால் போன்ற ஜோடிகளையும் சில நிறுவனங்கள் செய்கின்றன. நச்சுப் பொருளைக் குப்பையில் சேராமல் காப்பது நியாயமான விதி. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. கருகிய எல்.டி.ஆரையும் பழைய வாக்ட்ராலையும் வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவாகத் தனியே சேர்த்து ஒப்படைக்க வேண்டும் என்று பெடல் கட்டும் நண்பர்களிடம் விடாமல் சொல்கிறேன்.

மாற்றாக, ஒளியால் இயங்கும் ஃபெட் வகை ஆப்டோகப்ளர்களை வைத்துச் சிலர் பெடல் செய்கிறார்கள். அதிலும் விளக்கு உண்டு, அதுவும் ஒளியால்தான் இயங்குகிறது. ஆகவே பெட்டியின் மேல் ஆப்டிகல் என்று எழுதுவதில் பொய் இல்லை. ஆனால் அது மைக்ரோசெகண்டுகளில் இயங்கும் வேகமான உறுப்பு. அதில் பொறிகளின் நினைவு இல்லை. இரண்டு கட்டமாகத் தளரும் ரிலீஸும் தானாக வராது. அதைச் சுற்றில் தனியாக அமைத்தாக வேண்டும். சிக்னல் சற்றுப் பெரிதானால் சிதைவும் கூடும். வாங்கப் போகிறவர்கள், பெட்டிக்குள் இருப்பது காட்மியம் சல்பைடு வில்லையா, ஃபெட்டா என்று கடைக்காரரிடமோ தயாரிப்பாளரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் வாசித்துப் பார்த்தே அறியலாம்: ஒற்றை ஸ்வரம் ஒன்றை மீட்டிவிட்டு அது மீளும் நேரத்தைக் கவனியுங்கள், பிறகு அரை நிமிடம் தொடர்ந்து கார்டுகளை அடித்து நிறுத்தி, உடனே அதே ஸ்வரத்தை மெதுவாக மீட்டுங்கள். இரண்டாவது முறை ஸ்வரம் அடங்கிய நிலையில் தொடங்கி, நிதானமாக மேலெழுந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் வில்லைதான்.